சிறுகோள்களிடையே ஒரு தோட்டப்புறம்

அறிவியல் புனைகதைத் தொடர் என்றதும் வேறு அலைவரிசைக்குத் தாவிவிடுபவரா நீங்கள்? லேசர் துப்பாக்கி, விசித்திர உருவங்கள், வாயில் நுழையாத பெயர்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுவது இயல்பே. ஆனாலும் ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2015 முதல் 2022 வரை 62 பகுதிகளாக வந்த தொடர் இது. லூனாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கதை சட்டென்று பிடிபட்டுவிடும்.

எதிர்காலத்தில் பூமியும் செவ்வாயும் இரண்டு வல்லரசுகள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் மண்டலத்தில் கனிமம் தோண்டவும் பனிக்கட்டி சுமக்கவும் தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் வாழ்கிறது. அவர்கள்தான் பெல்ட்டர்கள். மூச்சுக்காற்றும் குடிநீரும்கூட அவர்கள் கையில் இல்லை. லயத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதா? வேலையும் வீடும் தோட்டத்துடையவை. வேலை போனால் வீடும் போகும்.

எடையே எதிரி

தொடரின் முதல் பகுதியில் ஒரு காட்சி. பூமியில் பிடிபட்ட ஒரு பெல்ட்டரைக் கொக்கிகளில் தொங்கவிட்டு விசாரிக்கிறார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. பூமியின் ஈர்ப்பே அவருக்குச் சித்திரவதை. குறைந்த ஈர்ப்பில் வளர்ந்த எலும்பும் தசையும் இங்குள்ள எடையைத் தாங்குவதில்லை.

இது வெறும் கற்பனையல்ல. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் உரிய பயிற்சி இல்லையென்றால் இடுப்பு போன்ற எடை தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்திற்கு 1 முதல் 1.5 விழுக்காடு குறையும். அதனால்தான் அங்குள்ளவர்கள் அன்றாடம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். வேலை செய்யும் இடம் உடம்பையே மாற்றிவிடுகிறது. பிறகு சொந்த மண் என்று திரும்பிப் போக இடமில்லை. தொடரின் சோகமே இதுதான்.

மொழியைக் கவனியுங்கள். பல நாட்டுச் சொற்கள் கலந்த பெல்ட்டர் பேச்சை இத்தொடருக்காக உருவாக்கியவர் நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர். மலாய் ‘கெத்தா’ நம் வாயில் ‘கித்தா’ ஆகவில்லையா? வேலைக்களத்தில் சொற்கள் இப்படித்தான் கலக்கின்றன.

செய்தி அனுப்புவதிலும் இயற்பியல் விதி மீறப்படவில்லை. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒளி போய்ச் சேர, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் பிடிக்கும். ஆகவே தொலைவில் இருப்பவர்கள் முகம் பார்த்து உரையாட முடியாது. பதிவுசெய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் ஊர்க்கடிதத்திற்குக் காத்திருந்ததைப் போல.

சறுக்கிய இடம்

தொடரில் சீரீஸ் என்ற குறுங்கோளைச் சுழலவிட்டு, பூமியில் உள்ளதைப்போல் மூன்றில் ஒரு பங்கு ஈர்ப்பை உண்டாக்குகிறார்கள். நிஜ சீரீஸ் ஏறத்தாழ 940 கிலோமீட்டர் குறுக்களவு கொண்டது. அதன் ஈர்ப்பு பூமியுடையதில் 3 விழுக்காடுதான். அத்தனை வேகத்தில் சுழன்றால் வெளித்தள்ளும் விசை அதன் ஈர்ப்பைவிடப் பத்து மடங்காகும், கோளே சிதறிவிடும். 2015இல் அங்கு சென்ற ‘டான்’ விண்கலம் சீரீஸில் ஏராளமான பனி இருப்பதைக் காட்டியது. கதையிலோ அந்தப் பனி முழுவதும் எடுத்து விற்கப்பட்டுவிட்டது.

சிறுகோள் சுரங்கம் இன்று சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. விண்வெளியில் எடுக்கும் கனிமத்திற்கு உரிமை தரும் சட்டத்தை அமெரிக்கா 2015இலும் லக்சம்பர்க் 2017இலும் இயற்றின. கனிமம் யாருக்கு என்பதற்கு விடை எழுதியாகிவிட்டது. தோண்டப் போகிறவரின் காற்றும் தண்ணீரும் யார் கையில் இருக்கும்?

தொடரின் முதல் மூன்று, நான்கு பகுதிகள் மெதுவாகத்தான் நகரும், பொறுமை தேவை. வன்முறையும் கடுஞ்சொற்களும் உண்டு, பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. ஆனால் வீட்டில் தோட்டத்து வாழ்க்கையைக் கண்ட பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கதையை உங்களுக்கு அவரே விளக்குவார்.