காரையில்லாக் கல்மதில்களில் நடைவழிக் கடவைகள்: பெயரீடும் வரைபடப் பதிவும்

முன்னுரை

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் மேய்ச்சல் நிலங்களைப் பிரிப்பவை, சாந்தின்றிக் கல்லின்மேல் கல் அடுக்கி எழுப்பப்பட்ட மதில்கள் ஆகும். இவற்றுள் பல, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின்வழிப் பொதுநிலங்கள் அடைக்கப்பட்டபோது கட்டப்பட்டவை. நிலம் அடைபட்ட பின்னரும் பல இடங்களில் மக்களின் நடைவழி உரிமை நீடித்தது. எனவே ஆட்டை மறித்து ஆளை விடும் கடவைகள் தேவைப்பட்டன. அவற்றின் பெயர்களையும் வரைபடப் பதிவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் வடிவமும்

ஆங்கிலத்தில் கடவையின் பொதுப்பெயர் ‘ஸ்டைல்’. இது ‘ஏறுதல்’ எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினையடியிலிருந்து பிறந்தது. படிக்கடவைக்கு இப்பொருள் பொருந்தும்; மதிலில் பதித்த நீண்ட கற்கள் வெளியே நீட்டி நின்று படிகளாகின்றன. இடுக்குக்கடவையிலோ ஏறுதல் இல்லை. நட்ட இரு கற்களுக்கிடையே உள்ள சந்தில் மனிதர் ஒடுங்கி நுழைவர். அச்சந்து பெரும்பாலும் கீழே குறுகி மேலே அகன்றிருப்பதால் மனிதக் கால் நுழையும். ஆட்டின் உடல் நுழையாது. ஏணிக்கடவை, மதிலின் இருபுறமும் சாய்ந்த மர ஏணிகளால் அமைவது. விலங்குகளுக்கான திறப்புகள் வேறு பெயர் பெறுகின்றன. ஆடுகள் செல்வது ‘கிரிப்பிள் ஹோல்’. முயலோ நீரோ செல்லும் சிறுதுளை ‘ஸ்மூட்’. தமிழில் ‘கட’ என்னும் வினையடியில் பிறந்த ‘கடவை’, ஏறுதலையும் நுழைதலையும் ஒருங்கே தழுவுவதால் இங்குப் பொதுச்சொல்லாகக் கொள்ளப்படுகிறது.

வரைபடப் பதிவு

1949ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற அணுகல் சட்டம், பொதுவழிகளுக்கான அறுதி வரைபடத்தையும் அதற்குரிய அறிக்கையையும் உருவாக்க வகைசெய்தது. வழியிலுள்ள கடவை, அவ்வறிக்கையில் வழியுரிமையின் வரம்பாகப் பதிவு பெறலாம். பதிவும் அனுமதியும் இன்றி எழும் கடவை, வழித்தடையாகக் கருதப்படக்கூடும். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, பராமரிப்புப் பொறுப்பை நில உரிமையாளரிடம் ஒப்படைக்கிறது. நியாயமான செலவில் குறைந்தது கால் பங்கை அவர் நிர்வாக அமைப்பிடமிருந்து பெறலாம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத் திட்டம், கடவையின் இருப்பையும் வகையையும் தனித்தனியே குறிக்க இடமளிக்கிறது. வகை குறிக்கப்படாவிடில் கடவை வெறும் புள்ளியே. முழங்கால் வலியுடைய முதியவர் இடுக்கில் நுழையலாம். ஏணியில் ஏற இயலாது. பருத்த உடலினருக்கு இந்நிலை மாறலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இரண்டுமே அடைப்பு. பி.எஸ். 5709 என்னும் பிரித்தானியத் தரநிர்ணயம் முதலில் திறந்த இடைவெளியையும் அடுத்துக் கதவையும் விரும்புவது இதனாலேயே.

முடிவுரை

பழைய இடுக்குக்கடவை கதவாக மாறும்போது அணுகல் கூடுகிறது. கைவினைச் சான்று ஒன்று மறைகிறது. வகைப்பெயருடன் கூடிய பதிவு, மாற்றம் தேவைப்படும் இடத்தையும் மாற்றத்திற்கு முன் ஆவணப்படுத்த வேண்டிய வடிவத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. ஆகவே பெயரீடு இங்குச் சொல்லாய்வாக மட்டும் நில்லாமல், யார் அவ்வழியே செல்ல இயலும் என்பதை அறிவிக்கும் கருவியாகவும் அமைகிறது.