உப்புக் காற்று ஊரில் ஒரு கியர் கார்

குறைந்த விலை ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கித் தன் விருப்பத்துக்கு மாற்றியமைப்பதில், வாங்குகிற வண்டியே பாதி வேலையை முடிவு செய்துவிடுகிறது. பிறகு மாட்டும் அலாய் வீலோ சைலன்சரோ முதல் தேர்வில் நேர்ந்த பிழையைச் சரிசெய்யாது. காரைக்காலில் இது கூடுதலாகவே பொருந்தும். கிழக்கே கடல், ஊருக்குள் அரசலாறு, சுற்றிலும் வயல். நிலம் தட்டையானது, காற்றில் உப்பு, ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர். கோயம்புத்தூருக்குப் பொருந்தும் வண்டி அப்படியே இங்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை.

ஆட்டோமேட்டிக்கை விடக் கியர் வண்டியின் விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. இன்ஜினின் இழுவையைக் கூட்டினால் முதலில் தேயத் தொடங்குவது கிளட்ச். கியர் வண்டியில் அதை மட்டும் கழற்றி வலுவானதாக மாற்றலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகூர்ப் பக்கமோ தரங்கம்பாடிப் பக்கமோ போகும்போது, முன்னால் செல்லும் லாரியை முந்த நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்குவது ஓட்டுபவரின் முடிவாகவே இருக்கும்.

இன்ஜினைப் பொறுத்தவரை, டர்போ உள்ளதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் தானாக இழுக்கும் காற்றோடு நின்றுவிடும். அதன் கணினியில் ரீமேப் செய்தாலும் திறன் பத்து சதவீதம் கூடுவதே அரிது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தினாலே வண்டியின் குணம் மாறும். அப்போது கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் சுமை ஏறுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2005 மே மாதம் இந்தியாவுக்கு வந்த மாருதி சுசூகி ஸ்விஃப்ட்டில் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் இருந்தது. திறன் 87 குதிரைத்திறன். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் கொண்ட கார்களுக்கு 2006 பட்ஜெட்டில் கலால் வரி குறைக்கப்பட்டது. 2010-இல் ஸ்விஃப்ட்டிலும் 1.2 லிட்டர் இன்ஜின் வந்தது. இந்தியச் சிறு கார்கள் பெரும்பாலும் 1.2-க்குள் அடங்கிக் கிடப்பதற்கு அந்த வரி விதியே காரணம். ஃபியட் தொழில்நுட்பத்தில் உருவான ஸ்விஃப்ட்டின் 1.3 டர்போ டீசல் 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது; 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. எடை குறைவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் பழக்கம் என்பதால் குறைந்த பணத்தில் தொடங்குபவருக்கு ஸ்விஃப்ட்டே இன்றும் முதல் தேர்வு.

வேகமே பெரிது என்பவர்கள் தேடும் வண்டிகள் வேறு. 2020-இல் 110 குதிரைத்திறன் டர்போ இன்ஜினும் ஆறு கியரும் பெற்ற ஃபோக்ஸ்வாகன் போலோ 2022-இல் நின்றுபோனது. டாடா ஆல்ட்ராஸ் ரேசர் 2024-இல் 120 குதிரைத்திறனுடன் வந்தது. போலோவின் கட்டுமானம் திடமானது. ஆனால் காரைக்காலில் இருந்துகொண்டு அதைப் பராமரிப்பவர் உதிரிபாகத்துக்காக வெளியூரைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைப்பது நல்லது.

ஆலையிலேயே வேகத்துக்காக மாற்றியமைத்த சிறு காருக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக உருவாக்கிய டியாகோ ஜேடிபி 2018 அக்டோபரில் 6.39 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வெளிவந்தது. சாதாரண டியாகோவின் உடலில் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 114 குதிரைத்திறன், ஐந்து கியர், இறுக்கமான சஸ்பென்ஷன். ஆலையிலேயே மாற்றியமைத்து அங்கீகாரம் பெற்ற வண்டி என்பதால் ஆர்.சி. புத்தகத்துக்கும் வண்டிக்கும் முரண்பாடு கிடையாது. 2020-இல் அந்தக் கூட்டு முயற்சி முடிவுக்கு வந்தது பெரிய இழப்பு. நல்ல நிலையில் ஒன்று பழைய வண்டியாகக் கிடைத்தால் தயங்காமல் பார்க்கலாம்.

காரைக்காலுக்குப் பிரான்ஸோடு உள்ள உறவை நினைத்தால் பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயனின் சி3-ஐயும் சொல்ல வேண்டும். திருவள்ளூரில் தயாராகும் அந்த வண்டியின் 1.2 டர்போ 110 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டரும் தருகிறது. ஆறு கியர் உண்டு. மென்மையான சஸ்பென்ஷன் குண்டும் குழியுமான கிராமச் சாலைக்கு ஏற்றது.

எந்த வண்டியானாலும், பழையதை வாங்கும்போது கடற்கரை ஊரில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பகுதியை. கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், சைலன்சரின் இணைப்புகள், பிரேக் குழாய்கள் ஆகிய இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளத்தாலும், துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் கீழே வைத்துப் பார்த்தால், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுக்கும். துருப்பிடித்த உடலில் இறுக்கமான ஸ்பிரிங்கைப் போட்டால், தாங்க வேண்டிய இடமே பிளக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் இங்கே பெரிய ஆபத்து. 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் மூழ்கியவை போன்ற கார்கள் ஏலத்துக்குப் போய், கழுவித் துடைத்துப் பழைய வண்டிச் சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தால் அதன் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் படிந்த வண்டலும் அதையே சொல்லும்.

மாற்றங்களில் பணத்தை முதலில் போட வேண்டியது டயருக்கும் பிரேக்குக்கும். நடுத்தர ஸ்விஃப்ட்டில் 165/80 ஆர்14 டயரும், உயர் ரகத்தில் 185/65 ஆர்15 டயரும் கொடுக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. முதலாவதின் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், இரண்டாவதின் விட்டம் 621.5. வேறுபாடு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வேகமானி பொய் சொல்லாது, சாலைப் பிடிப்பு மட்டும் கூடும். நிறுவனமே அனுமதித்த அளவுக்குள் மாறுவதுதான் அலாய் வீலில் மிகப் பாதுகாப்பான வழி. வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் இந்தப் பகுதிக்கு ஒத்துவராது. வேகத்தடையில் உரசும், மழையில் தண்ணீருக்கு நெருங்கும். நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலே வளைவில் சாய்வது குறையும்.

பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைக்கும் காற்று ஃபில்டரைத் தவிர்க்க வேண்டும். அது குளிர்ந்த காற்றை இழுக்கத்தான் வைக்கப்படுகிறது. ஆனால் முழங்கால் தண்ணீரில் தண்ணீரையும் இழுத்துவிடும். காற்றை அழுத்துவதுபோலத் தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு ஒரு நொடியில் வளைந்து, இன்ஜினையே இறக்க வேண்டிய நிலை வரும்.

சட்டம் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படலாம்.

காரைக்காலின் பதிவு எண் பி.ஒய். 02. நாகப்பட்டினத்தின் டி.என். 51, கும்பகோணத்தின் டி.என். 68 வண்டிகளை வாங்கி இங்கே பதிவதானால், அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த நாளில் கேள்வி வருவது மாற்றிய சைலன்சரைப் பற்றியாகத்தான் இருக்கும். கழற்றிய அசல் சைலன்சர், ஸ்பிரிங், ஃபில்டர் பெட்டி ஆகியவற்றை எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி, உப்புக் காற்று புகாத இடத்தில் வைத்திருப்பவர் அன்றைக்கு அவற்றைத் திரும்ப மாட்டிக்கொண்டு போகலாம். விற்கும்போதும் வாங்குபவர் அந்தச் சாக்கைத்தான் முதலில் கேட்பார்.