குட்டிப் பறவை, பெரிய குழப்பம்!

ஆஸ்திரேலியாவில் தார்ன்பில் என்று ஒரு பறவை இனம் உண்டு. பெயருக்கு முள் அலகு என்று அர்த்தம். நீளம் சுமார் 10 செ.மீ., எடை ஏழு கிராம்தான். இதில் பழுப்பு தார்ன்பில், கோடு தார்ன்பில் என்ற இரண்டும் போட்டோவில் அக்கா தங்கச்சி மாதிரியே இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிறத்தை நம்பாதீங்க. வெயிலில் எடுத்தால் மஞ்சளடிக்கும், நிழலில் சாம்பலாத் தெரியும். நெற்றியைப் பாருங்க. பழுப்பு தார்ன்பில்லுக்கு நெற்றியில் மீன் செதில் மாதிரி பிறை பிறையாக இருக்கும். கோடு தார்ன்பில்லுக்கு உச்சந்தலையில் சீப்பால் வாரியது போல மெல்லிய வெள்ளைக் கோடுகள். கண்ணும் வேறதான். முதலாவதுக்குக் கருஞ்சிவப்பு, மற்றதுக்கு மங்கல். ஆனா போட்டோ இருட்டா இருந்தா எல்லாக் கண்ணும் கறுப்புதான்!

எங்கே உட்கார்ந்திருக்கு என்பதும் முக்கியம். பழுப்பு தார்ன்பில் பெரும்பாலும் கீழே புதர்களில் பூச்சி தேடும். கோடு தார்ன்பில் கூட்டமாகத் தைல மர உச்சியில் திரியும். (நம்ம ஊர்த் தைல மரமே அந்த நாட்டிலிருந்து வந்ததுதான்!) அதே உச்சியில் வீபில் என்ற இன்னும் குட்டிப் பறவையும் இருக்கும். ஆஸ்திரேலியாவிலேயே சின்னப் பறவை அதுதான். அலகு கட்டையா இருந்தா வீபில்.

படம் எடுத்த ஊரையும் கேட்கணும். டாஸ்மேனியா தீவு என்றால் அங்கே மட்டும் வாழும் இன்னொரு தார்ன்பில் இருக்கு. அதுக்கு வாலுக்கு அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை.

முதுகு மட்டும் தெரியுற படமா? "ஏதோ ஒரு தார்ன்பில்" என்று எழுதுவதே சரி. தப்பான பெயர் எழுதினா, இல்லாத பறவை அந்தக் காட்டுக் கணக்கில் ஏறிடும்.

- 9ஆம் வகுப்பு மாணவி