தட்டுக்கு வரும் முன் – 9: மூன்று கோழியா, நான்கு கோழியா

சித்திரை பிறந்துவிட்டால் மாமா விடியற்காலை நான்கு மணிக்கே கொட்டகைக்குள் போய்விடுவார். திருச்செங்கோட்டிலிருந்து எலச்சிபாளையம் போகிற வழியில் இருக்கிறது அவர் பண்ணை. பதினெட்டாயிரம் முட்டைக்கோழி. கிழக்கு வெளுக்கும்போது அர்த்தநாரீசுவரர் மலை முதலில் கறுப்பாகத் தெரியும், பிறகு மெல்லச் சிவக்கும். அதற்குள் முதல் தீவனம் போட்டு முடித்திருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கோழி தின்னாது. தின்னாத கோழி முட்டையிடாது.

சென்ற மாதம் போனபோது கையில் டேப் எடுத்துப் போயிருந்தேன்.

"கூண்ட அளந்து என்ன மாப்ளே பண்ணப் போறே?"

"ஒரு கணக்குப் பார்க்கத்தானுங்க மாமா."

கூண்டின் ஓர் அறை 15 அங்குலம் அகலம், 18 அங்குலம் ஆழம். சென்டிமீட்டரில் சொன்னால் முப்பத்தெட்டுக்கு நாற்பத்தாறு. உள்ளே நான்கு கோழிகள். ஒரு கோழிக்கு 435 சதுர சென்டிமீட்டர்தான் கிடைக்கிறது. நாம் எழுதும் ஏ4 தாளின் பரப்பு 624. அந்தத் தாளில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றே அதிகமான இடத்தில் ஒரு கோழி ஓராண்டுக்கும் மேலாக நிற்கிறது. இறக்கையை விரிக்க முடியாது. நான் இந்தக் கொட்டகைகளுக்கு நடுவே வளர்ந்தவன், இதைப் பார்த்தே பழகியவன். ஆனால் அன்று எண்ணாகப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2023இல் நடுவண் அரசு கொண்டுவந்த முட்டைக்கோழி விதிகள், ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்கின்றன. பழைய பண்ணைகளுக்குச் சில ஆண்டு அவகாசம் உண்டு. மாமாவின் கூண்டில் நான்கில் ஒன்றை வெளியே எடுத்தால் ஒரு கோழிக்கு 580 வந்துவிடும். விதி நிறைவேறும். பதினெட்டாயிரம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறாகும்.

நான் சொல்லி முடித்ததும் மாமா கேட்டார்: "கோழி கொறையும். பேங்க்ல கடனும் நாலுல ஒண்ணு கொறையுமாக்கும்?"

அந்தக் கேள்வியோடுதான் இந்த வாரம் ஐரோப்பாவுக்குப் போகிறேன். ஏனென்றால் இதே கேள்வியை அங்கே இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

550 என்ற எண் அங்கே பிறந்தது. 1980களில் ஐரோப்பா ஒரு கோழிக்கு 450 என்று வைத்திருந்தது. 1999இல் புதிய நெறிமுறை வந்தது. அதன்படி 2003 முதல் பழைய கூண்டுகளில் 550 கொடுக்க வேண்டும், 2012 ஜனவரி 1 முதல் அந்தக் கூண்டுகளே இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு கூண்டில் வளர்ப்பதானால் கோழி ஒன்றுக்கு 750 சதுர சென்டிமீட்டர், முட்டையிட ஒரு மறைவிடம், உட்கார ஒரு கொம்பு, கிளறுவதற்கு ஓர் இடம் என்று வசதி செய்யப்பட்ட கூண்டு மட்டுமே. நமக்கு 2023இல் வந்து சேர்ந்தது, அவர்கள் 2003இல் தொட்டுப் பிறகு கைவிட்ட எண். நம் சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழிகளின் வாழிடம் பற்றிப் பேசிக் கூண்டுமுறைக்கு எதிராகவே பரிந்துரைத்தது. ஆகவே 550இல் இது நிற்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

2012 விடிந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளில் பல தயாராக இருக்கவில்லை. இத்தாலியையும் கிரீஸையும் ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றம் வரை இழுத்தது. அந்த ஆண்டின் முதல் மாதங்களில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. சொன்ன நாளில் கடன் வாங்கிக் கூண்டை மாற்றிய பண்ணைக்காரர், மாற்றாமல் இழுத்தடித்தவரோடு அதே சந்தையில் நின்றார்.

கதை அங்கே முடியவில்லை. புதிய கூண்டும் கூண்டுதானே என்று ஏறத்தாழ 14 லட்சம் பேர் கையெழுத்திட்டு ஆணையத்திடம் கொடுத்தார்கள். 2023 முடிவதற்குள் கூண்டொழிப்புச் சட்ட முன்வரைவு வரும் என்று ஆணையம் 2021 ஜூனில் வாக்குக் கொடுத்தது. 2023 முடிந்தது, முன்வரைவு வரவில்லை. கையெழுத்திட்டவர்களுக்கு ஏமாற்றம். பண்ணைக்காரருக்கோ வேறொரு வகை வேதனை. புதிய கூண்டில் போட்ட முதல் திரும்புவதற்குள் அதுவும் போகும் என்கிறார்கள், எப்போது என்று சொல்ல ஆளில்லை. கொட்டகையைப் புதுப்பிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கடுமையான விதியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், தேதி இல்லாத விதியைத் தாங்க முடியாது என்பதை நான் இதிலிருந்துதான் உணர்ந்தேன்.

முட்டையை விட்டுக் கறிக்கு வருவோம். இங்கே எனக்கே வியப்பளித்த ஒரு கணக்கு இருக்கிறது. நம் பக்கம் பக்கவாட்டில் கம்பிவலை அடித்த திறந்த கொட்டகையில் கறிக்கோழிக்கு ஒரு சதுர அடி என்பது பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த அளவு. இரண்டு கிலோ வரும்போது பிடித்து ஏற்றினால், ஒரு சதுர மீட்டரில் இருபத்தொரு கிலோ சொச்சம் உயிர் எடை நிற்கிறது. ஐரோப்பிய நெறிமுறை சாதாரணமாக 33 கிலோ வரை விடுகிறது, கூடுதல் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 42 வரை. ஆக இந்தக் கணக்கில் நம் பல்லடத்துக் கறிக்கோழிக்கு ஐரோப்பியக் கோழியைவிட இடம் அதிகம். இதை நம் கருணை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நெருக்கினால் வெயிலில் செத்துவிடும் என்பதுதான் காரணம். மின்விசிறியும் ஈரத் திரையும் வைத்து அடைத்த ஈ.சி. கொட்டகைகள் இப்போது பெருகுகின்றன. வெயில் தடுக்கப்பட்டால் நெருக்கம் கூடும். நம் கோழிக்கு இதுவரை காவலாக நின்ற ஒரே சட்டம் வெயில்தான். அது விலகுகிற இடத்தில் எழுதப்பட்ட சட்டம் வந்து நிற்க வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம்.

ஐரோப்பியர்கள் மாட்டுக்கறியையும் பன்றிக்கறியையும் குறைத்துக்கொண்டு கோழிக்குத் திரும்பி வருகிறார்கள். விலை குறைவு, சுற்றுச்சூழல் குற்றவுணர்வும் குறைவு. ஜெர்மனியில் 2013ஐ ஒட்டி சுமார் 28,000 பன்றிப் பண்ணைகள் இருந்தன. பத்தாண்டில் அவை ஏறக்குறைய 16,000 ஆயின. ஒன்றியம் முழுவதிலும் 2005க்கும் 2020க்கும் இடையே அரைக்கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஐந்து எக்டேருக்கும் குறைந்த சிறு பண்ணைகள். மிஞ்சிய பண்ணைகளை நடத்துவோரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் நாற்பது வயதுக்குக் கீழே.

அந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது மாமாவின் நினைவுதான் வந்தது. அவருக்கு அறுபத்தொன்று. மகன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறான். திருச்செங்கோட்டு வீடுகளில் பாதிக்கு இதே கதை.

ஐரோப்பாவில் சிறு பண்ணைக்காரர்கள் ஏன் போகிறார்கள்? விதி ஒரு பக்கம் நெருக்குகிறது, விலை மறுபக்கம் நெருக்குகிறது. நெதர்லாந்தின் பெரிய அங்காடிகள் 2023க்குள், தங்கள் கடையில் விற்கும் புதுக் கோழிக்கறியை மெதுவாக வளரும் இனங்களுக்கு மாற்றின. நல்ல மாற்றம்தான். அதே காலத்தில் போர் தொடங்கிய பிறகு உக்ரைனிலிருந்து சுங்கமில்லாமல் கோழிக்கறியும் முட்டையும் வந்து குவிந்தன. அப்போது அங்கே கூண்டுத் தடை நடைமுறையில் இருக்கவில்லை. போலந்திலும் பிரான்சிலும் உழவர்கள் டிராக்டரோடு சாலைக்கு வந்தார்கள். 2024இல் ஒன்றியம் ஓர் உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தென்னமெரிக்க மெர்கோசூர் நாடுகளோடு உடன்பாடு கண்டது. அதில் 1,80,000 டன் கோழிக்கறிக்குச் சுங்கமில்லாத வழி இருக்கிறது. ஜெர்மனி 2022 முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. குஞ்சு பொரிப்பகங்கள் எல்லைக்கு அப்பால் நகர்ந்தன, குஞ்சுகள் அங்கிருந்து இறக்குமதியாகின்றன. தடை செய்த செயல் பக்கத்து நாட்டுக்குக் குடிபோனதே தவிர ஒழியவில்லை.

சொந்த உழவனிடம் ஒரு நியாயமும் சந்தையில் வேறொரு நியாயமும் கேட்கும் இந்த முரண்தான் அங்கே எல்லோருக்கும் கசக்கிறது.

நம் விலைக்கு வருகிறேன். கோழிப்பண்ணைத் தொழிலதிபர் பி.வி. ராவ் 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கியபோது அதன் முழக்கம் என் முட்டை, என் விலை, என் வாழ்வு என்பது. வியாபாரி சொல்வதே விலை என்றிருந்த நாளில் பண்ணைக்காரர் தாமே விலை சொல்ல முடியும் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது. இன்று நாமக்கல் மண்டலத்துக்குக் குழு ஒரு விலை அறிவிக்கிறது. லாரியோடு வருபவர் அதற்குக் கீழே ஒரு 'மைனஸ்' சொல்கிறார். எல்லோரும் தினமும் பேசுவது அறிவித்த விலையை அல்ல, மைனஸ் எவ்வளவு என்பதைத்தான். முட்டை கையில் தேங்கினால் மைனஸ் கூடும். தீவனம் அப்படி இறங்கி வராது. போன வாரம் சொன்னேன்: 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை தாங்க முடியாமல் போய் 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அரசு வழிவிட்டது, பிறகு மக்காச்சோளம் எத்தனால் ஆலைகளுக்குத் திரும்பியது. இத்தனைக்கும் நடுவே கூண்டில் ஒரு கோழியைக் குறைக்கும் செலவு எந்த முட்டையின் விலையில் ஏறப் போகிறது?

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பாதி விடை உண்டு. அங்கே முட்டை ஓட்டின் மேலேயே ஓர் எண் அச்சிட்டிருக்கும். இயற்கைமுறை என்றால் 0, வெளியில் திரிந்து வளர்ந்தது 1, கொட்டகைத் தரையில் வளர்ந்தது 2, கூண்டு 3. வாங்குபவர் கண்ணால் பார்த்து, கூடுதல் காசு கொடுத்து எடுக்கிறார். நம்மிடம் மூன்று கோழிக் கூண்டின் முட்டையும் நான்கு கோழிக் கூண்டின் முட்டையும் ஒரே அட்டையில் முப்பது முப்பதாக அடுக்கப்பட்டு ஒரே விலைக்குப் போகின்றன. நாமக்கல் பக்கம் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை எடுக்கிறார்கள். அவற்றில் ஒரு பகுதி பள்ளிச் சத்துணவுக்குப் போகிறது. சத்துணவுக்கு வாங்கும் அரசே விதிப்படி வளர்த்த பண்ணைக்கு முட்டைக்குச் சில காசு கூடுதலாகத் தரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தையின் தட்டுக்குப் போகும் முட்டையிலிருந்து இதைத் தொடங்குவதைவிட நல்ல இடம் இருக்கிறதா?

மருந்து விஷயத்தில் மட்டும் ஐரோப்பாவை முழு மனதோடு பாராட்டுகிறேன். எடை கூடுவதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை ஸ்வீடன் 1986லேயே நிறுத்தியது. ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் நின்றது. நோய் வராமலே மந்தைக்கு மொத்தமாக மருந்து கொடுக்கும் வழக்கத்தை 2022 ஜனவரியில் வந்த சட்டம் தடுத்தது. 2011க்கும் 2022க்கும் இடையே 25 ஐரோப்பிய நாடுகளில் பண்ணை விலங்குகளுக்கான நுண்ணுயிர்க்கொல்லி விற்பனை பாதிக்கும் கீழே இறங்கியது. தொழில் அதனால் அழிந்துவிடவில்லை. நம் நாட்டில் கோலிஸ்டின் என்ற மருந்து 2019 ஜூலை வரை கோழித் தீவனத்தில் தாராளமாகப் புழங்கியது. மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. தடை வந்தது நல்லது.

ஐரோப்பாவின் இந்த மருந்து விதி நம் வாசலுக்கும் வருகிறது. ஈரோட்டுப் பக்கம் எஸ்.கே.எம். ஆலை முட்டையை உடைத்துப் பொடியாக்கி ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகிறது. பொடியில் மருந்தின் எச்சம் தெரிந்தால் கண்டெய்னர் திரும்பும். வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த விலங்கின் பொருளை வெளிநாட்டிலிருந்தும் ஏற்பதில்லை என்ற விதிக்கு ஒன்றியம் 2026 செப்டம்பர் 3 என்று நாள் குறித்தது. கப்பல் ஏறும் முட்டைக்கு ஒரு சுத்தம், எலச்சிபாளையத்துச் சந்தையில் விற்கும் முட்டைக்கு வேறொரு சுத்தம் என்று நாம் வைத்துக்கொண்டால், அது நம் பிள்ளைகளுக்கு நாமே செய்யும் அநீதி.

எருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் எரு ஒரு சுமை. நிலம் கொள்ளும் அளவைவிட விலங்குகள் அதிகம். 2019இல் அங்குள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் நைட்ரஜன் வெளியேற்றம் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் ஹேக் நகரச் சாலைகளை டிராக்டர்கள் அடைத்தன. பிறகு அரசே பண்ணைகளை விலைக்கு வாங்கி மூடும் திட்டம் வந்தது. பணம் வாங்கியவர் மறுபடி கால்நடைப் பண்ணை வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நம் பக்கம் கோழி எரு இன்னும் காசு. மஞ்சளுக்கும் கரும்புக்கும் தென்னைக்கும் லாரி வைத்து ஏற்றிப் போகிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் பண்ணையை ஒட்டிய ஊர்களில் சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கிறது. என் அம்மாவின் ஊரிலும் அதுதான் நிலை. நெதர்லாந்து எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால், நான் அந்த ஈயைக் காட்டுவேன்.

உழைப்பவர்களைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. 2020 ஜூனில் ஜெர்மனியின் ரேடா-வீடன்ப்ரூக் ஊரிலுள்ள டோன்னீஸ் இறைச்சி ஆலையில் 1,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கொரோனா தொற்றியது. அப்போதுதான் அந்த நாடு தன் மலிவுக் கறியை யார் வெட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தது. ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் துணை ஒப்பந்தக்காரர் வழியாக வந்து, நெரிசலான அறைகளில் தங்கியவர்கள். 2021 ஜனவரி முதல் வெட்டும் வேலைக்கு ஆலையே நேரடியாக ஆள் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மாமாவின் பண்ணையில் வேலை பார்ப்பது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் முட்டை பொறுக்குகிறார்கள். அவர்கள் வீடு தீவன அறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கூண்டை அளந்த டேப்பால் அந்த அறையையும் அளந்தேன். பத்துக்குப் பத்து. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் மறுபடி போனேன். புதிதாக வந்த தொகுதியில் கடைசி வரிசைக்கு மட்டும் அறைக்கு மூன்று கோழியாக விட்டிருக்கிறார். அந்த வரிசைக்குத் தனி நோட்டு. தீவனம், முட்டை, சாவு என்று மூன்று பத்தி பென்சிலால் கோடு போட்டிருந்தது. ஒடிசாக்காரர் தமிழில் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கோடு கிழித்தால் போதும் என்று மாமா சொல்லியிருக்கிறார். பக்கம் முழுக்கச் சிறு சிறு கோடுகள்.

"ஐப்பசி வரைக்கும் பாப்பம் மாப்ளே," என்றார் மாமா. "அந்த ரூமுக்கும் மேல ஓலை போடச் சொல்லிருக்கறேன்."

(தொடரும்)