மீன் சங்கத்தின் ஏலப் பந்தி

அமெரிக்காவில் வீட்டுத் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கென்று பல ஊர்களில் சங்கங்கள் இருக்கின்றன. நியூயார்க்கின் புரூக்ளின் அக்வேரியம் சொசைட்டி 1911இல் தொடங்கியது. இப்படிப்பட்ட சங்கங்களில் சம்பளம் வாங்குகிறவர் யாரும் இருப்பதில்லை. சந்தாவும் பெரிய தொகை அல்ல. ஆனால் மாதக் கூட்டத்துக்கு மண்டப வாடகை வேண்டும், வெளியூர்ப் பேச்சாளருக்கு விமானச் சீட்டு வேண்டும், காப்பீடு கட்ட வேண்டும். இதற்கெல்லாம் பணம் பெரும்பாலும் வருஷத்தில் ஒன்றிரண்டு நாளில்தான் வருகிறது. அன்றைக்கு ஏலம். பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலோ காலையில் கூடுவார்கள்; மாலைக்குள் நூற்றுக்கணக்கான பைகள் கைமாறிவிடும்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு இலையும் பரிமாறும் கையும்தான் படும். அந்தக் கை நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது என்றால், முந்தின இரவே காய் நறுக்கியவர்கள் சரியாக நறுக்கியிருக்கிறார்கள், உக்கிராண அறைச் சாவியை வைத்திருந்தவர் கணக்காக எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். மேடையில் நின்று ஏலம் விடுபவரும் பரிமாறும் கைதான். நல்ல ஏலமா கெட்ட ஏலமா என்பது அவர் வாய் திறப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

நறுக்கும் வேலையிலிருந்து தொடங்குவோம். ஏலத்துக்கு வரும் மீன்களில் பெரும்பாலானவை உறுப்பினர்கள் தம் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தவை. பையில் போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இரையை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த மீன் பைக்குள்ளேயே கழிக்கும், அந்தக் கழிவும் அமோனியாவும் போக வழியில்லை. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மற்றதெல்லாம் காற்று. புதிதாக வருபவர்கள் தண்ணீரை நிறைய ஊற்றினால் மீனுக்கு நல்லது என்று நினைப்பார்கள். மூடிய பைக்குள் மீன் உயிர்வாழ்வது உள்ளே அடைத்த காற்றிலிருக்கும் ஆக்சிஜனை நம்பித்தான். பையின் மூலைகளில் சிறு மீன்கள் சிக்கி நசுங்கும் என்பதால் மூலைகளை முடிந்து உருட்டிவிடுவார்கள். பிறகு அந்தப் பையைத் தலைகீழாக இன்னொரு பைக்குள் போட்டு மறுபடியும் கட்டுவார்கள். சண்டைக்கார சிக்லிட் வளர்ந்ததென்றால் பைக்கு ஒன்று. கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி மீன் மிரண்டால் நஞ்சு கக்கும். அடைத்த பைக்குள் அந்த நஞ்சு அதையே கொன்றுவிடும். விஷயம் தெரிந்தவர்கள் அதை முதலில் வாளியில் விட்டுச் சிறிது நேரம் காத்திருந்து, பிறகுதான் புதுத் தண்ணீரில் பை கட்டுவார்கள்.

பையின் மேல் சீட்டு ஒட்ட வேண்டும்: மீனின் அறிவியல் பெயர், எத்தனை, ஆணா பெண்ணா, விற்பவரின் எண். தண்ணீர் பட்டால் அழியாத மையில் எழுதியிருக்க வேண்டும். சின்ன விஷயம் என்று தோன்றும். மேடையில் ஒருவர் மங்கிய எழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் கூடம் முழுக்கக் காத்திருக்கிறது.

அடுத்தது உக்கிராணம். காலையில் பைகள் வந்து சேரும் மேசை அது. அங்கே இருப்பவர் கண்டிப்பானவராக இருப்பது நல்லது. ஒழுகும் பை, செத்த மீன், பெயரில்லாத பை எதையும் அவர் உள்ளே விடக்கூடாது. சட்டமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் விரால் அங்கே எந்தப் பையிலும் வர முடியாது. விரால் குடும்பம் முழுவதையும் 2002இல் அமெரிக்க அரசு தீங்கு தரும் உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நீர்நிலைக்குள் தப்பினால் அங்குள்ள மீன்களைத் தின்று பெருகும் என்ற பயம்தான் காரணம். மரபணு மாற்றி ஒளிரவைத்த குளோஃபிஷ் வகைகளை வீட்டில் இனப்பெருக்கம் செய்து விற்க உரிமம் இடம் கொடுப்பதில்லை. இவை போக, கலப்பின மீன்களையும் சாயம் ஏற்றிய மீன்களையும் பல சங்கங்கள் தாங்களாகவே மறுத்துவிடுகின்றன. இந்த மறுப்பை நான் மனமார ஆதரிக்கிறேன். பெயர் தெரியாத கலப்பு ஒன்று ஏலத்தில் புகுந்துவிட்டால், அடுத்த வருஷம் அதன் குஞ்சுகள் நல்ல பெயரோடு திரும்பி வரும்.

எதை முதலில் பரிமாறுவது? இங்கேதான் அனுபவம் பேசுகிறது. அருமையான மீனை முதல் அரைமணியில் எடுத்துவிட்டால், பலர் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். கடைசிக்குத் தள்ளினால், தூரத்து ஊர்க்காரர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள். அதனால் நல்ல சரக்கை நாள் முழுக்கத் தூவ வேண்டும். ஒருவர் கொண்டுவந்த இருபது பைகளையும் அடுத்தடுத்து விடாமல், எல்லோருடைய பைகளும் சுற்றுக்கு ஒன்றாக வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சில சங்கங்களில் விற்பவர் தம் பைகளில் சிலவற்றுக்கு மட்டும் வண்ணப்பொட்டு வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். பொட்டு வைத்த பை முன்னால் போகும். பொட்டுக்குக் கொடுக்கும் காசு சங்கத்துக்கு.

பந்தியோடு வைத்த ஒப்பீடு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பந்தியில் பாயசத்துக்கு விலை கிடையாது. ஏலத்தில் விலையை வைப்பது பசிதான். அதுவும் மிகுந்த பசியுள்ளவருடைய பசி அல்ல, அவருக்கு அடுத்தவருடையது. உங்களுக்கு அந்தக் கில்லி மீன் ஜோடி நாற்பது டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அடுத்தபடி ஆசைப்படுபவர் பன்னிரண்டில் கையை இறக்கிவிட்டால், உங்களுக்கு அது பதின்மூன்றில் கிடைத்துவிடும். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961இல் எழுதிய கட்டுரை இந்தக் கணக்கைத்தான் தெளிவாக்கியது; 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சங்கத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. ஒரு மீனை விரும்புபவர் ஒருவர் மட்டும் இருந்தால் விலை ஏறாது, இருவராவது வேண்டும். ஆகவே கூட்டத்தைச் சேர்ப்பதுதான் முதல் வேலை. வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்காமல் விடுவது பல நேரம் லாபம்.

ஒரே மீன் ஐந்து பையில் வந்திருந்தால் என்ன செய்வது? தொடர்ந்து விட்டால் விலை சரியும். ஆர்லி ஆஷன்ஃபெல்ட்டர் என்பவர் மது ஏலங்களை ஆராய்ந்து 1989இல் இதை எழுதினார்: ஒரே மாதிரிப் பெட்டிகள் ஒரே நாளில் அடுத்தடுத்து விற்கும்போது, பின்னால் வருவதன் விலை ஏறுவதைவிட இறங்குவதே அதிகம். மீன் ஏலத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஐந்து பையையும் மேசையில் வரிசையாக வைத்து, வென்றவர் முதலில் தேர்ந்தெடுக்கலாம், அதே விலைக்கு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவார்கள். நேரமும் மிச்சம்.

நேரம் என்றேன். இந்த ஏலத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஐந்நூறு பை என்று வையுங்கள். பைக்கு ஒரு நிமிஷம் எடுத்தால் எட்டு மணி இருபது நிமிஷம் ஆகும். முக்கால் நிமிஷத்தில் முடித்தால் ஆறேகால் மணி நேரம். கூடுதலாக இழுக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் பாதிக் கூடம் காலியாகிவிடும், கேட்க ஆளில்லாத விலைக்கு மீன்கள் போகும். ஆகவே இருபதில் தொடங்கி ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கெஞ்சுகிறவரைவிட, ஒரு டாலரில் தொடங்கி ஒரு தரம், இரண்டு தரம் என்று விரட்டுகிறவரே சங்கத்துக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறார். குறைந்த விலையில் தொடங்கினால் பல கைகள் உயரும். தூக்கிய கையை இறக்க மனசு வராது. ஏலம் விடுபவருக்கு மீன் தெரிந்திருக்கவும் வேண்டும். ‘இது எட்டு அங்குலம் வளரும், சின்னத் தொட்டி வைத்திருப்பவர்கள் கேட்காதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறவர்மேல் கூடத்துக்கு நம்பிக்கை பிறக்கும். தொண்டை கட்டும் என்பதால் மணிக்கு ஒருவராக மாற்றிக்கொள்வார்கள்.

அவருக்குக் கீழே பரிமாறுபவர்கள். ஒருவர் பையைத் தூக்கிப் பிடித்து வரிசைகளுக்கு நடுவே காட்டிக்கொண்டு போவார். வென்றவர் கையிலேயே கொடுத்துவிடுவார். மேடையோரம் எழுதுபவர் பையின் எண், விலை, வாங்கியவர் அட்டையிலுள்ள எண் மூன்றையும் குறிப்பார். இந்த நாற்காலியில் பேச்சுக்காரரை உட்காரவைக்கக் கூடாது. எழுதும் சீட்டுக்கு மூன்று நகல் இருப்பது நல்லது: விற்றவருக்கு, வாங்கியவருக்கு, சங்கத்துக்கு.

கல்யாணத்தில் முதல் பந்தி எழுந்ததும் கை கழுவுமிடத்தில் நெரிசல் வரும் இல்லையா? ஏலத்தில் அந்த இடம் பணம் கட்டும் மேசை. பிடித்த மீன் கிடைத்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள்; கையில் மீன் இருப்பதால் பொறுமையும் குறைவு. எழுதிய சீட்டுகள் இருபது இருபதாக உடனுக்குடன் அந்த மேசைக்குப் போய், ஒவ்வொரு எண்ணின் கணக்கிலும் ஏறிக்கொண்டே இருந்தால் இந்த நெரிசல் இருக்காது. சீட்டுகளை மேடையிலேயே குவித்து வைத்தால் அரைமணி வரிசை நிச்சயம்.

பணம் பிரியும் விதம் சங்கத்துக்குச் சங்கம் வேறு. விற்பவருக்கு எழுபது, சங்கத்துக்கு முப்பது என்பது ஒரு முறை. சரிபாதி என்பது இன்னொன்று. முழுத் தொகையையும் நன்கொடையாக விடுகிறவர்களும் உண்டு. இருபது டாலருக்குப் போன பையில் எழுபது முப்பது என்றால் வளர்த்தவருக்குப் பதினான்கு, சங்கத்துக்கு ஆறு. வளர்த்தவரின் பங்கைக் குறைக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்தப் பதினான்கு டாலர் இரைக்கும் மின்சாரத்துக்கும் கூடப் போதாது. ஆனால் மறுபடியும் குஞ்சு வளர்த்துக் கொண்டுவர அதுதான் தூண்டுகிறது. சரக்கு வராத சங்கத்துக்கு எந்தச் சதவீதமும் உதவாது.

வாங்கியவரின் வேலை வீட்டில் தொடர்கிறது. பல மணி நேரம் மூடிக் கிடந்த பையில் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரைச் சற்று அமிலமாக்கியிருக்கும். அமிலத் தண்ணீரில் அமோனியாவின் கொடுமை குறைவு. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறுகிறது, அமிலம் குறைகிறது, அதே அமோனியா நஞ்சாகிறது. எனவே திறந்த பையில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டு மணிக்கணக்கில் பழக்குவது ஆபத்து. மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். சில வாரம் அது தனியாகவே இருக்கட்டும். ஒரே கூடத்தில் நூறு வீட்டு நோய்களும் கூடியிருந்தன.

சங்கக் கணக்கில் தெரியாத வரவு ஒன்று இந்த ஏலத்துக்கு உண்டு. ஒரே தொட்டியில் இருந்த இனம் ஒரே நாளில் பத்து வீடுகளுக்குப் போகிறது. மெக்சிகோவின் தெயூசித்லான் ஆற்றில் வாழ்ந்த டெக்கீலா மீன் அங்கே அற்றுப்போனது. 1998இல் ஆங்கிலேய மீன் வளர்ப்பாளர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஐந்து ஜோடியைத்தான் மிச்சோவாகான் பல்கலைக்கழகம் பெருக்கியது. பின்னர் செஸ்டர் விலங்கியல் பூங்காவின் துணையோடு சுமார் 1,500 மீன்கள் அதே ஆற்றில் விடப்பட்டன. வீட்டுத் தொட்டிகளில் அந்த இனம் பிழைத்திருக்காவிட்டால் திருப்பி விட ஒன்றும் இருந்திருக்காது. இப்போது கேர்ஸ் என்ற திட்டத்தின் கீழ் அழியும் நிலையிலுள்ள மீன்களைச் சங்கங்கள் பட்டியலிட்டு வளர்க்கின்றன. அப்படிப்பட்ட பை ஏலத்துக்கு வரும்போது, எழுதியவர் வைத்த மூன்று நகல்களில் சங்கத்தின் நகலைக் குப்பையில் போடாமல் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒருவர் தொட்டி நோயில் காலியானால், அதே மீன் வேறு யார் வீட்டில் இருக்கிறது என்று தேட அந்தச் சீட்டில் வாங்கியவரின் எண் இருக்கும்.