ஒரே படிப்பு, இரண்டு விலை!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பிரெஸ்னோ என்று ஒரு நகரம் இருக்கிறது. உலர்ந்த திராட்சைக்குப் பெயர் போன ஊர். அந்த ஊரில் இருந்த இரண்டு கல்லூரிகளில் ஒரே தொழிலைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றில் செலவு 1,650 டாலர். மற்றொன்றில் 22,275 டாலர்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்க செனட் சபையின் கமிட்டி ஒன்று, செனட்டர் டாம் ஹார்க்கின் தலைமையில் விசாரித்து, 2012-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு. மலிவான கல்லூரி, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பிரெஸ்னோ சிட்டி காலேஜ். மற்றது, லாபத்துக்காக நடத்தப்பட்ட ஹீல்ட் காலேஜ்.

படிப்பின் பெயர் "மெடிக்கல் அசிஸ்டென்ட்". அதாவது, மருத்துவ உதவியாளர்.

என்ன வேலை?

நம் ஊர் டாக்டர்களிடம் கம்பவுண்டர் ஒருவர் இருப்பாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் மருந்து கலக்கும் வேலை கிடையாது. நோயாளியை உள்ளே அழைப்பது, எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் குறிப்பது, டாக்டர் சொன்னால் ஊசி போடுவது, சோதனைக்கு ரத்தம் எடுப்பது, டெலிபோனுக்குப் பதில் சொல்வது, இன்ஷூரன்ஸ் தாள்களைப் பூர்த்தி செய்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

இவர்கள் நர்சுகள் அல்ல. நர்ஸ் படிப்புக்கு ஆண்டுகள் பல வேண்டும். இதையோ சில மாதங்களில் முடித்துவிடலாம். குடும்பச் சுமை உள்ளவர்கள் இதை நாடுவதற்கு அதுதான் காரணம்.

சம்பளம் எப்படி? 2024 மே மாதத்துச் சர்க்கார் கணக்குப்படி, மருத்துவ உதவியாளர்களில் பாதிப் பேருக்கு ஆண்டுச் சம்பளம் 44,200 டாலருக்கும் குறைவு. பதிவு பெற்ற நர்சுகளுக்கு இதே கணக்கு 93,600 டாலர். ஆகவே, இது பிழைக்க வழி காட்டும் வேலை. பணம் குவிக்கும் வேலை அல்ல. எவ்வளவு கொடுத்துப் படிக்கலாம் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

கூட்டிக் கழித்தால்...

ஒரு பெண் கடையில் மணிக்கு 15 டாலர் கூலி வாங்குகிறாள் என்று வைத்துக் கொள்வோம். படித்த பிறகு 20 டாலர் கிடைக்கிறது. வாரத்துக்கு 40 மணி வேலை. அப்படியானால் வாரத்துக்கு 200 டாலர் கூடுதல் வரும்படி.

1,650 டாலர் செலவழித்துப் படித்திருந்தால், ஒன்பதே வாரத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். 22,275 டாலர் செலவழித்திருந்தால்? இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவும், கூடுதல் வரும்படியில் ஒரு காசைக்கூடத் தொடாமல், வரியும் வட்டியும் இல்லாமல் இருந்தால்தான்! டாக்டரோ, "எவ்வளவு கொடுத்துப் படித்தாய்?" என்று கேட்டுச் சம்பளம் போடுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. படிப்பதற்காக அந்தப் பெண் ஒன்பது மாதம் கடை வேலையை விட்டுவிட்டால், இழக்கும் கூலி ஏறக்குறைய 23,400 டாலர். ஹீல்ட் காலேஜ் கட்டணத்தைவிட இது அதிகம்! வேலையை விடாமல் மாலை வகுப்பில் படிப்பவர்களே புத்திசாலிகள். வாஷிங்டன் மாநிலத்தைப் போன்ற சில இடங்களில், மருத்துவ நிலையங்களே ஆளைச் சேர்த்துச் சம்பளமும் கொடுத்துத் தொழில் பழக்குகின்றன. அது கிடைத்தால் அதைவிட மேலானது இல்லை.

கல்லூரி மூடியது

அதிக விலை வாங்கிய ஹீல்ட் காலேஜ் என்ன ஆயிற்று? 1863-ல் தொடங்கிய பழைய பள்ளி அது. பிற்காலத்தில் கொரிந்தியன் காலேஜஸ் என்ற கம்பெனியின் கைக்கு வந்தது. 2010-ல் அந்தக் கம்பெனியின் கல்லூரிகளில் 1,10,000-க்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள்.

"எங்களிடம் படித்தவர்களில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது" என்று ஹீல்ட் காட்டிய கணக்கில் பொய் இருப்பதாக 2015 ஏப்ரலில் அமெரிக்கக் கல்வி இலாகா குற்றம் சாட்டியது. கணக்கியல் படித்த ஒருவர், முன்பே சிற்றுண்டிக் கடையில் சேர்ந்து பார்த்துவந்த வேலையைக்கூட, படிப்பால் கிடைத்த வேலை என்று எழுதிவைத்திருந்தார்களாம்! இலாகா விதித்த அபராதம் சுமார் 3 கோடி டாலர். அதே மாதத்தில் கொரிந்தியன் கம்பெனி மிச்சம் இருந்த கல்லூரிகளையும் இழுத்து மூடியது. சுமார் 16,000 மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

2022 ஜூன் மாதத்தில் அமெரிக்க சர்க்கார், அந்தக் கம்பெனியின் கல்லூரிகளில் படித்த 5,60,000 பேரின் கல்விக் கடனில் 580 கோடி டாலரைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கடன்காரர் கடிதத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு, அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

சேருமுன் கேளுங்கள்

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்குச் சர்க்கார் லைசென்ஸ் தேவை இல்லை. ஆனால் வேலை கொடுப்பவர்கள் தேர்வில் தேறிய சான்றிதழைக் கேட்கிறார்கள். அவற்றில் பெயர் பெற்றது "சி.எம்.ஏ." சான்றிதழ். உரிய அங்கீகாரம் பெற்ற படிப்பை முடிப்பதே அந்தத் தேர்வுக்கு வழக்கமான வழி. ஆகவே, கட்டடத்தின் அழகைப் பார்க்காமல் அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும்.

நேரடிப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். நாளைக்கு நர்ஸ் படிப்பில் சேர விரும்பினால் இங்கே படித்த பாடங்கள் அங்கே செல்லுமா என்றும் கேட்க வேண்டும். "நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை" என்று யாராவது சொன்னால், "என்ன வேலை, எங்கே, எத்தனை நாள்?" என்று திருப்பிக் கேட்கக் கூசக் கூடாது. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டக் கூடாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பார்கள். பிரெஸ்னோவில் சுமை கூலி பதின்மூன்று பங்கு ஆகிவிட்டது. தொழில் கற்பது நல்லது. அதன் விலையை, கற்ற பிறகு வரும் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்பது அதைவிட நல்லது. கையெழுத்துப் போடுவதற்கு முந்தின இரவே உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்!