பழைய வேன் வாங்கப் போகிறீர்களா? இஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள்

கடை நடத்துபவருக்கு ஒரு கட்டத்தில் சொந்தமாக வாகனம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. வாடகை வேனுக்கு மாதா மாதம் கொடுக்கும் தொகையைக் கூட்டிப் பார்த்தால் அந்த எண்ணம் மேலும் வலுக்கும். 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆரம்பத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது புதிய வாகனம் சிறு வியாபாரிக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கின்றது. எனவே அவர் தேடிப் போவது டொல்பின் வேனை, அல்லது பழைய லொறி ஒன்றை.

டொல்பின் என்று நாம் அழைக்கும் டொயோட்டா ஹயேஸ் வேன் ஜப்பானில் 1989இல் அறிமுகமாகி, 2004இல் அடுத்த வடிவத்துக்கு இடம் விட்டது. ஆகவே இன்று நீங்கள் வாங்கும் டொல்பின் எதுவானாலும் 20 வயதைத் தாண்டியதுதான். அதை வாங்குவது பிழையல்ல. ஆனால் பார்க்க வேண்டிய ஒழுங்கில் பார்க்க வேண்டும்.

முதல் முறை வாங்குபவர் பெயின்டைப் பார்க்கிறார், பிறகு இஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார், விலை பேசுகிறார், கடைசியில்தான் பத்திரங்களைக் கேட்கிறார். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இஞ்சின் பழுதென்றால் திருத்தலாம், மாற்றவும் செய்யலாம். உக்கிய அடிச்சட்டத்தையும் சிக்கலான பத்திரத்தையும் எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது.

முதலில் பத்திரம். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் உங்களிடம் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பலர் கைமாறி, பெயர் மாற்றப்படாமல், முதல் உரிமையாளர் கையொப்பமிட்ட படிவத்தோடு மட்டும் வரும் வாகனங்கள் சந்தையில் ஏராளம். இதைத்தான் 'ஓப்பன் பேப்பர்' என்கிறார்கள். அந்த உரிமையாளர் வெளிநாடு போயிருந்தாலோ மரணித்திருந்தாலோ நீங்கள் அலைய வேண்டி வரும். எமக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர், நல்ல விலைக்குக் கிடைத்ததென்று இப்படியொரு வேனை வாங்கினார். ஓட்டத்தில் குறையில்லை. ஆனால் அவசரத் தேவைக்கு விற்கப் போனபோது, பெயர் இல்லாத வாகனத்துக்குச் சரியான விலை கொடுக்க எவரும் முன்வரவில்லை.

அத்தோடு, லீசிங் அல்லது இஜாரா முறையில் வாங்கப்பட்ட வாகனமாக இருந்தால் பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ப் பேச்சு போதாது. அந்தப் பெயர் நீக்கப்பட்டதற்கான ஆதாரம் வேண்டும். சஸி இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு நேரில் ஒப்பிடுங்கள். பழைய வேன்களில் இஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம். ஆனால் அந்த மாற்றம் பதியப்பட்டிருக்க வேண்டும். உடலமைப்பு மாற்றப்பட்டிருந்தாலும் இதே விதிதான். சந்தேகமிருந்தால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி விபரங்களைப் பெற்றுக் கொள்ளலாம். வருமான அனுமதிப்பத்திரம் நிலுவையில் உள்ளதா, புகைப் பரிசோதனை செய்யப்பட்டுள்ளதா என்பதையும் கேளுங்கள். லொறியாக இருந்தால் தகுதிச் சான்றிதழையும் பாருங்கள்.

இரண்டாவது இரும்பு. புத்தளம், பேருவளை, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் ஓடிய வாகனத்தை உப்புக் காற்று தின்றிருக்கும். மீன் ஏற்றிய வேன் என்றால் இன்னும் மோசம். ஐஸ் தண்ணீர் தரையின் இடுக்குகளில் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கூரையோர நீர்க்கால், முன் கண்ணாடியின் கீழ்ப்பகுதி, கதவின் அடிப்பகுதி, சில்லுகளுக்கு மேலுள்ள வளைவு ஆகிய இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும். துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே பட்டி பூசப்பட்டுள்ளது என்று அர்த்தம். புதிய பெயின்ட் பளபளக்கும் வாகனத்தில் இந்தச் சோதனை கட்டாயம்.

மூன்றாவதாகவே இஞ்சின். காலையில், இஞ்சின் சூடாகும் முன் போங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நன்கு சூடான பின்னும் நீல நிறப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கரும்புகை விடாது வந்தால் இன்ஜெக்டர், டீசல் பம்ப் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். ஒயில் பால் கலந்தது போலிருந்தால் தண்ணீர் சேர்ந்துள்ளது. அந்த வாகனத்தை விட்டு விடுங்கள். டொல்பினின் டீசல் இஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், வாங்கியவுடன் மாற்றி விடுங்கள். அறுந்தால் செலவு பல மடங்காகும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ நன்றாக இருந்தாலும் பழைய டயர் வெடிக்கும்.

வெறும் வேனைச் சமதரையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நீங்கள் ஏற்றப் போவது சரக்கு. முடிந்தால் பாரம் ஏற்றி ஏற்றமான பாதையில் ஓட்டிப் பாருங்கள். பிரேக், கிளட்ச், இஞ்சின் சூடு மூன்றும் அங்கேதான் உண்மையைச் சொல்லும். விற்பவருக்கோ புரோக்கருக்கோ தெரிந்த மெக்கானிக்கை அன்றி, உங்களுக்குத் தெரிந்தவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாகப் பணம். கையில் 100 ரூபா இருந்தால் 80 ரூபாவுக்கு மேல் வாகனத்துக்குக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றம், காப்புறுதி, டயர், பட்டரி, பெல்ட் எல்லாம் முதல் சில மாதங்களிலேயே கேட்டு வரும். முழுப் பணத்தையும் கொட்டிவிட்டுத் திருத்தப் பணமின்றிக் கராஜில் நிற்கும் வேன், வாடகை வேனை விட நட்டம். வேன் நிற்கும் நாட்களில் சரக்கும் நிற்கும், வாடிக்கையாளரும் வேறு கடைக்குப் போவார். கண்ட குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் செலவு போட்டு, அந்தத் தாளை வைத்தே விலை பேசுங்கள்.

விலை முடிந்ததும் வாகனத்தைப் பாரமெடுத்த திகதியையும் நேரத்தையும் குறித்து இருவரும் கையொப்பமிடுங்கள். 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து விடுங்கள். பெயர் மாற்றத்துக்கு இழுத்தடிப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். இன்னொரு வேன் கிடைக்கும். கடையின் முதல் போனால் மீண்டும் சேர்க்கப் பல வருடங்கள் ஆகும்.